கொல்லிமலையா? ஏற்காடா? வீட்டுப் பெரியவங்களோட மலைக்குக் கிளம்பும் முன்

1/
லீவு விட்டால் போதும், இன்பாக்ஸில் இந்தக் கேள்வி வந்துடும். "டாக்டர், ரெண்டு நாள் டூர். அப்பா, அம்மா, குழந்தைங்க எல்லாரும் வர்றாங்க. கொல்லிமலை போலாமா, ஏற்காடு போலாமா?"

இதை ஏன் டாக்டர்கிட்ட கேட்கணும்னு தோணலாம். என்னைக் கேட்டால், டாக்டர்கிட்டதான் கேட்கணும். காரணம் சொல்றேன். கொஞ்சம் நீளமான இழை, பொறுமையா படிங்க.

2/
மூன்று வருடம் முன்பு எங்கள் வீட்டிலும் இதே கேள்வி. நானும் தம்பியும் கொல்லிமலைன்னு முடிவு பண்ணோம். ஆகாய கங்கையில் குளிக்கணும், அவ்வளவுதான் காரணம்.

அப்பாவுக்கு அப்போ 66 வயது. பதினைந்து வருட சர்க்கரை. "அப்பா, படி இறங்கி ஏற முடியுமா?" என்று கேட்டேன். "அதெல்லாம் முடியும்டா" என்றார். நானும் விட்டுட்டேன்.

3/
அறப்பளீஸ்வரர் கோயில் பக்கத்திலிருந்து அருவிக்கு ஆயிரத்துக்கும் மேல் படிகள். ஒரு மாடிக்கு 20 படின்னு வைங்க, 50 மாடி!

பழனியில் முதலில் ஏறுறோம். முடியலைன்னா பாதியில் திரும்பி இறங்கிடலாம். இங்கே தலைகீழ். முதலில் இறக்கம். இறங்கும்போது மூச்சு வாங்காது, முட்டி மட்டும்தான் வலிக்கும். கீழே போய், குளிச்சு, பசிச்சு, களைச்ச பிறகுதான் ஏற்றமே ஆரம்பிக்குது. அந்த நேரத்தில் "முடியலை" என்று சொன்னாலும் ஏறித்தான் ஆகணும்.

4/
ஏறும்போது அப்பா பத்துப் படிக்கு ஒரு முறை நின்றார். உட்கார்ந்தால் சரியாகுது, ஏறினால் திரும்ப வருது. "வயசாச்சுல்ல" என்று சிரித்தார். மேலே வந்ததும், "கேஸ் மாதிரி நெஞ்சை அடைக்குதுடா" என்றார். பையில் இருந்த அசிடிட்டி மாத்திரையைக் கொடுத்தேன்.

நடந்தால் வருது, நின்றால் போகுது. இதை ஓபியில் ஒரு நோயாளி சொல்லியிருந்தால் அடுத்த நிமிடம் இசிஜி எடுத்திருப்பேன். சொன்னது என் அப்பா. மாத்திரை கொடுத்து வண்டியில் ஏத்திட்டேன்.

5/
அடுத்த வாரம் ஆஞ்சியோ. இரண்டு ரத்தக்குழாய்களில் அடைப்பு. ஸ்டென்ட் வைத்தார்கள். இன்று நல்லா இருக்கார்.

ஆனால் அம்மா பிறகு சொன்னது இன்னும் உறுத்துது. இரண்டு மாதமாகவே மாடி ஏறும்போது அவருக்கு அப்படி இருந்திருக்கு. "பசங்க ஆசையா கிளம்புறாங்க, நம்மால நிக்கக் கூடாது" என்று வாயைத் திறக்கலை.

6/
அதனால் பெரியவங்ககிட்ட "முடியுமா?" என்று கேட்காதீங்க. "முடியும்"னுதான் சொல்வாங்க. இப்படிக் கேளுங்க:

✅ ரெண்டு மாடி நிற்காம ஏறினா நெஞ்சில், தாடையில், இடது கையில் பாரமோ வலியோ வருதா?
✅ ஏறிட்டு உடனே பேச முடியுதா?
✅ ஆறு மாசம் முன்ன ஈஸியா செஞ்ச எந்த வேலை இப்ப கஷ்டமா இருக்கு?

சர்க்கரை உள்ளவங்களுக்கு நெஞ்சு வலியே வராம, மூச்சு வாங்குறதும் அசதியும் மட்டும்கூட இதய நோயின் அறிகுறியா இருக்கலாம். பதிலில் சந்தேகம் இருந்தால், ரூம் புக் பண்றதுக்கு முன்னாடி டாக்டரைப் பாருங்க.

7/
இப்ப ரெண்டு மலையையும் ஒப்பிடலாம்.

ஏற்காடு: சேலத்திலிருந்து சுமார் 30 கி.மீ., 20 கொண்டை ஊசி வளைவுகள். ஊர் நடுவிலேயே ஏரி, படகு. லேடீஸ் சீட், பகோடா பாயிண்ட் எல்லாம் அதிகம் நடக்காமல் பார்க்கலாம். கிளியூர் அருவிக்கு மட்டும் இறங்கி ஏறணும், அதை விட்டாலும் டூர் குறையாது. மே மாதம் கோடை விழா நேரத்தில் கூட்டம் நெரியும்.

கொல்லிமலை: காரவள்ளியிலிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகள். அமைதி, மிளகு, பலா, அன்னாசி. ஆனா பெரிய ஈர்ப்பான ஆகாய கங்கை, அந்தப் படிகளுக்குக் கீழே இருக்கு.

8/
என் கருத்து இதுதான். வீட்டில் யாருக்கு உடம்பு ரொம்ப பலவீனமோ, அவரை வைத்து மலையைத் தேர்வு செய்யுங்க. ரீல்ஸ் பார்த்துத் தேர்வு செய்யாதீங்க.

முழங்கால் தேய்மானம், இதய நோய், கட்டுப்படாத பிரஷர், கர்ப்பிணி, கைக்குழந்தை இருந்தால் ஏற்காடு. எல்லாருக்கும் கால் பலம் இருந்தால் தாராளமா கொல்லிமலை.

9/
கொல்லிமலைதான் போகணும்னு ஆசையா? படி இறங்காமலும் கொல்லிமலை இருக்கு. அறப்பளீஸ்வரர் கோயில், சீக்குப்பாறை காட்சிமுனை, வாசலூர்பட்டி படகு இல்லம், சோளக்காடு சந்தை. இதுக்கே ஒரு நாள் போதாது.

10/
70 வளைவுக்கான டிப்ஸ்:

✅ கண் புத்தகத்தையோ செல்போனையோ பார்க்குது, காது உடம்பு சுழலுதுன்னு சொல்லுது. இந்தக் குழப்பம்தான் வாந்தி. போனை வைச்சிட்டு தூரத்து ரோட்டைப் பாருங்க.
✅ வாந்தி மாத்திரையை டாக்டரிடம் கேட்டு, கிளம்புறதுக்கு அரை மணி நேரம் முன்பே போடணும். தூக்கம் வரும். வண்டி ஓட்டுறவர் போடவே கூடாது.
✅ இறங்கும்போது முதல், இரண்டாம் கியரில் இறங்குங்க. பிரேக்கை மிதிச்சுக்கிட்டே வந்தால் சூடாகி பிடிக்காமல் போகும்.
✅ சர்க்கரைக்கு இன்சுலின், மாத்திரை எடுப்பவர்கள் சாப்பாட்டைத் தள்ளிப் போடாதீங்க. பையில் குளுக்கோஸ், மிட்டாய் கட்டாயம்.

11/
ஏறும்போது யாருக்காவது நெஞ்சு அடைத்தால், வியர்த்தால், "இன்னும் கொஞ்சம்தான், வந்துடுச்சு" என்று ஏற வைக்காதீங்க. அங்கேயே உட்கார வையுங்க. 108-ஐக் கூப்பிடுங்க.

செம்மேட்டில் அரசு மருத்துவமனை இருக்கு. ஆஞ்சியோ வேணும்னா மலையை விட்டு இறங்கித்தான் ஆகணும். நமக்கு இது ரெண்டு நாள் டூர். அங்கே வாழும் மலைவாழ் மக்களுக்குப் பிரசவத்தில் சிக்கல் வந்தாலும் இதே ரோடுதான். வளைவில் வண்டியை நிறுத்தி செல்ஃபி எடுக்காதீங்க, ஆம்புலன்ஸுக்கு வழி வேணும்.

12/
இந்த வருடம் வீட்டில் மறுபடியும் அதே பேச்சு. நான் ஏற்காடு என்றேன். அப்பா சொன்னார்: "கொல்லிமலையே போலாம்டா. நான் கோயில்ல உட்கார்ந்திருக்கேன், நீங்க குளிச்சிட்டு வாங்க."

இதய மருத்துவரிடம் காட்டி, சரின்னு சொன்ன பிறகுதான் ரூம் போட்டோம். தம்பி குழந்தைங்களோட அருவிக்கு இறங்குவான். நான் மேலே அப்பாவோட உட்காரப் போறேன்.

உங்க வீட்டிலும் இன்னைக்கே அந்த மூணு கேள்வியைக் கேட்டுடுங்க.