வழக்கு நிலத்தின் மீதே

தூய்மை கெட்ட ஆற்றைப் பற்றிக் கட்டுரை வரையச் சொன்னால், தமிழ்ப்பள்ளி மாணவன் எழுதுவது பெரும்பாலும் ஒன்றே: பொறுப்பற்ற மக்கள் குப்பை கொட்டினர், ஆறு கெட்டது, குப்பைத் தொட்டியைப் பயன்படுத்துவோம். ஆசிரியர் ஒற்றுப்பிழையைச் சிவப்பு மையால் திருத்தி, நல்ல மதிப்பெண்ணும் இட்டு அனுப்புகிறார். சொற்பிழை கண்ட கண்ணுக்குப் பொருட்பிழை தெரிவதில்லை.

ஆற்றில் குப்பை போடலாம் என்று வாதிடுவார் எவருமிலர். ஆயின் நெகிழிப் புட்டி மிதக்கும். தடுப்பு கட்டி வாரிவிடலாம். கிள்ளான் ஆற்றைக் கெடுத்தது அது மட்டுந்தானா? மலேசியச் சுற்றுச்சூழல் துறை ஆற்று நீரின் தரத்தை ஆறு அளவைகளால் மதிப்பிடுகிறது: கரைந்துள்ள உயிர்வளி, உயிர்வேதியியல் உயிர்வளித் தேவை, வேதியியல் உயிர்வளித் தேவை, அம்மோனியா நைட்ரஜன், நீரில் கலந்த நுண்மண், அமில காரத் தன்மை. மிதக்கும் புட்டிகளின் எண்ணிக்கை அப்பட்டியலில் இல்லை!

இவ்வளவைகளைக் கெடுப்பது நிலம். காடு நின்ற குன்றில் பெய்யும் மழை இலையில் தட்டி, சருகில் தங்கி, வேரடி மண்ணில் ஊறி மெல்ல ஆற்றை அடையும். அதே குன்றை வீடமைப்புக்காக மொட்டையடித்தால், ஒரே மழையில் செம்மண் கரைந்து ஆற்றில் இறங்கிவிடும். தார்ச்சாலை எண்ணெயையும் டயர்த் தூளையும் கொடுக்கிறது. சந்தையும் உணவுக் கடையும் கொழுப்பைக் கொடுக்கின்றன. அதைத் தின்னும் நுண்ணுயிர்கள் நீரிலுள்ள உயிர்வளியை உண்டு தீர்க்க, மீன் மூச்சுமுட்டிச் சாகிறது. கோலாலம்பூருக்கு இது புதிதன்று. 1857இல் ஈயம் தேடி வந்தோர் காலந்தொட்டே, சுரங்க மணல் ஆற்றுப்படுகையை மேடாக்கி வெள்ளத்தைப் பெருக்கியது. ஊரின் பெயரே சேற்றுக் கூடல் என்றுதான் பொருள்படும்.

சிங்கப்பூர் இதனை உணர்ந்தது. 1977இல் பிரதமர் லீ குவான் இயூ பத்தாண்டுக் கெடு விதித்தார். பன்றி, வாத்துப் பண்ணைகள் அகற்றப்பட்டன; தெருவோர அங்காடிகள் குழாய்நீரும் கழிவுநீர் இணைப்பும் உள்ள நிலையங்களுக்குச் சென்றன; குடிசைவாசிகள் அடுக்குமாடிகளுக்குப் பெயர்ந்தனர்; 1983இல் தொங்கான்கள் பாசிர் பாஞ்சாங்கிற்குப் போயின. 1987இல் பணி நிறைவுற்றது. ஆற்றோரம் பிழைத்தவர்கள் இழந்தது சிறிதன்று. அது தனியே எழுதத்தக்கது. ஆயினும் ஆறு தெளிந்தது, கரையில் நடந்தவை மாறியதால்தான்.

கோலாலம்பூரிலோ 2012இல் தொடங்கிய பெருந்திட்டத்தில் சந்தைக் கழிவுநீரைச் சுத்திகரிக்கும் நற்பணியும் இருந்தது. மக்கள் நினைவில் நின்றதென்னவோ ஜாமேக் பள்ளிவாசலருகே ஒளிரும் நீல விளக்கும் பனிபோன்ற நீர்த்திவலையுமே. கீழே ஓடும் நீருக்கு விளக்கால் நிறம் மாறுமா?

சிறுவர்க்கு இவையெல்லாம் புரியாது என்பர் சில ஆசிரியர். பள்ளிச் சிற்றுண்டிச்சாலையில் தட்டுக் கழுவிய நீர் எந்தக் கால்வாயில் விழுகிறது, அக்கால்வாய் எந்த ஆற்றைச் சேர்கிறது என்று பின்தொடர்ந்து பார்க்க நான்காம் ஆண்டு மாணவனால் முடியும். ஆறாம் ஆண்டு மாணவன் இன்னொன்றும் கேட்கலாம்: கோம்பாக் ஆறும் கிள்ளான் ஆறும் பிறப்பது சிலாங்கூர் மலைகளில், கூடுவது கூட்டரசுப் பிரதேசத்தில். மேலே குன்றைச் சீவ ஒப்புதல் அளித்த கையொப்பம் யாருடையது?