பெயர் எழுதாத படங்கள்

புகைப்படத்துக்கு ஒரு வல்லமை உண்டு. ஒரு குறையும் உண்டு. ஓடும் காலத்தின் ஒரு கணத்தை அது பிடித்து நிறுத்திவிடும். ஆனால் அந்தக் கணம் எது, அதில் நிற்பவர் யார் என்று அதனாற் சொல்ல இயலாது. சொல்ல வேண்டியவர் நாமே.

சரித்திரம் பயிலும் மாணவர் கோல்புறூக் - கமரன் சீர்திருத்தங்களை அறிவர். அந்தக் கமரனின் மனைவியார் ஜூலியா மார்கரெட் கமரன், உலகம் போற்றும் புகைப்படக் கலைஞர். 1815 இல் கல்கத்தாவிற் பிறந்த இவ்வம்மையார், நாற்பத்தெட்டாம் வயதிலேதான் முதன்முதலாகக் கமெராவைக் கையிலெடுத்தார். டார்வின், கவிஞர் டெனிசன், வானியல் அறிஞர் ஹேர்ஷல் முதலியோரின் முகங்களை அவர் படமாக்கினார். படத்தின் கீழே தம் கையாலேயே குறிப்பெழுதிக் கையொப்பமிடுவதும் அவர் வழக்கம்.

1875 இல் குடும்பத்துடன் இலங்கைக்கு வந்த அவர், களுத்துறையில் இருந்தபோது அங்குள்ள உழைப்பாளர்களையும் தோட்டத் தொழிலாளர்களையும் படமெடுத்தார். கண்ணாடித் தகட்டில் மருந்து பூசி, ஈரம் உலருமுன்னே படமெடுத்துக் கழுவ வேண்டிய காலம் அது. எதிரே நிற்பவர் பல விநாடிகள் அசையாதிருத்தல் வேண்டும். அவ்வாறு பொறுமையோடு நின்ற நம்மவரிற் பெரும்பாலோரின் பெயர் இன்று தெரியாது. ‘தோட்டத் தொழிலாளி’ என்றும், ‘களுத்துறைக் குடியானவர்’ என்றும் பொதுப் பெயராலேயே அவர்கள் அறியப்படுகின்றனர். டார்வினுக்குப் பெயர் இருக்கிறது. நம் பாட்டனுக்கும் பாட்டிக்கும் தொழில் மட்டும் இருக்கிறது! 1879 இல் மறைந்த அம்மையாரை இப்போது குறை கூறி ஆவதொன்றுமில்லை. நம் வீட்டுப் படங்களை நாம் எவ்வாறு வைத்திருக்கிறோம் என்பதே கேள்வி.

மாத்தளையில் வாழும் நமக்குப் படமாக்கத் தகுந்தவை குறைவா? மாசி மகத்தை ஒட்டி முத்துமாரியம்மன் தேர்கள் நகர வீதியில் அசைந்து வரும் காட்சி, ஐப்பசி மழையில் மலைகளை மூடும் மஞ்சு, அடுப்படியில் ரொட்டி தட்டும் தாயின் கை, அருகே அம்மியில் அரைத்து வைத்த சம்பல், முற்றத்துப் பாயிற் காயும் மிளகு, இவை யாவும் நம் வாழ்வின் ஏடுகள். ஆனால் பச்சை மிளகு வெயிலிற் கறுப்பதற்குச் சில நாள்களே போதும். மாதமும் ஆண்டும் குறிக்காவிட்டால் பாயிற் கிடப்பது எந்தப் பருவத்து விளைச்சல் என்று பேரப்பிள்ளை எவ்வாறு அறிவான்?

பிரயாணத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். 1880 இல் மாத்தளைக்குப் புகையிரதம் வருமுன்னரே, மன்னார்க் கரையில் இறங்கித் தம்புள்ளை வழியாகக் காட்டுப் பாதையில் நடந்து வந்தவர்கள் நம் முன்னோர். வழியிலே நோயாலும் பசியாலும் மடிந்தவர் பலர். பின்னர் 1964 இல் ஏற்பட்ட சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் 525,000 பேரை இந்தியாவுக்கும் 300,000 பேரை இலங்கைக்கும் எனப் பகுத்தது. அண்ணன் கப்பலேறத் தம்பி இங்கே தங்கிய குடும்பங்கள் எத்தனை! அவ்வாறு பிரிந்த குடும்பங்களின் பெட்டிகளில் இன்றும் பழைய படங்கள் கிடக்கின்றன. “இவர் யார்?” என்று கேட்டால், “பாட்டி இருந்தால் சொல்லுவார்” என்பதே பல வீடுகளில் விடை.

கைத்தொலைபேசி வந்தபின் ஒரே நாளில் நூறு படம் எடுக்கிறோம். படங்கள் பெருகின; பெயர்கள் பெருகவில்லை.

மாணவச் செல்வங்களே, வரும் விடுமுறையில் ஒரு காரியம் செய்யுங்கள். பழைய படங்களை எடுத்துக்கொண்டு வீட்டிலுள்ள முதியவரிடம் அமருங்கள். அவர் சொல்லும் பெயர், ஊர், ஆண்டு ஆகியவற்றைப் படத்தின் பின்புறத்தில் மென்மையான பென்சிலால், அழுத்தாமல் எழுதுங்கள். மை ஊறிப் படத்தைக் கெடுத்துவிடும், பென்சில் கெடுக்காது. தொலைபேசியில் உள்ள படங்களுக்கும் ஒரு குறிப்பேடு வைத்துக்கொள்ளுங்கள்.

முகத்தைக் கமெரா காக்கும். பெயரைக் காப்பதற்கோ ஒரு பென்சிலும், சொல்லத் தெரிந்த ஒரு முதியவரும் வேண்டும். பென்சிலை நாளைக்கும் வாங்கலாம்.