படி இருந்தும் ஏற அணி இல்லை

களத்தில் முடிய வேண்டிய பருவம் வழக்கில் முடிந்தது. இந்தியக் கால்பந்தின் இரண்டாம் நிலைத் தொடரான ஐ-லீக்கின் 2024-25 பருவ ஆட்டங்கள் ஏப்ரலில் நிறைவுற்றன. சர்ச்சில் பிரதர்ஸ் வாகையர் என அறிவிக்கப்பட்டது. ஆனால், வீரர் தகுதி குறித்த முறையீடுகளுக்குப் பின், சர்வதேச விளையாட்டு நடுவர் மன்றம் ஜூலை 18-இல் இன்டர் காசிக்கே பட்டம் என்று தீர்ப்பளித்தது.

இப்பட்டம் வெறும் அலங்காரமன்று. ஐஎஸ்எல்லுக்கு ஏறும் படி. 2023-இல் பஞ்சாப் அணியும் 2024-இல் முகமதன் ஸ்போர்ட்டிங்கும் அவ்வாறே ஏறின.

தமிழகத்தின் நிலை என்ன? 2019 மார்ச் 9-இல் கோவையில் மினர்வா பஞ்சாபை 3-1 என வீழ்த்தி, ஈஸ்ட் பெங்காலை ஒரே புள்ளியில் முந்தி, ஐ-லீக் பட்டம் வென்றது சென்னை சிட்டி. அன்று ஏறப் படி இல்லை; படி வந்தபோது அந்த அணி களத்தில் இல்லை. 2024-25 பருவத்தில் ஆடிய அணிகளில் ஒன்றுகூடத் தமிழகத்தினுடையதன்று.

சுரண்டையில் பந்து உதைக்கும் சிறுவனுக்கு, நாட்டின் முதலிரு நிலைகளில் சொந்த மாநிலத்து அணி சென்னையின் எஃப்சி ஒன்றே. மாவட்டத் தொடர்கள் ஆண்டுதோறும் தவறாமல் நடக்க வேண்டும். தகுதி வழக்குகள் பருவம் முடியுமுன் தீர்க்கப்பட வேண்டும். உழைப்புக்கு உரிய இடம் களத்திலேயே உறுதியாகட்டும்.