கைச்சங்கிலிக்கு ஏற்ற பூட்டு

உயிர்த்த ஞாயிறுக்கு மறுநாள் புளிச்சோறும் தயிர்ச்சோறும் கட்டிக்கொண்டு, செங்கற்பட்டிலிருந்து திருக்கழுக்குன்றம் வழியாக மாமல்லபுரக் கடற்கரைக்குச் சென்றுவருவது நம் இல்லத்தில் நெடுநாளைய வழக்கம். சில ஆண்டுகளுக்கு முன் அவ்வாறு சென்றிருந்தபோது, முழங்கால் அளவு நீரில் நின்றுகொண்டிருந்த நம் தமக்கையின் மூத்த மகள், அலையொன்று வந்து திரும்பியபின் தன் இடது மணிக்கட்டைப் பார்த்துத் திகைத்து நின்றாள். புதுநன்மை வாங்கிய நாளில் அவளுடைய பாட்டி, அதாவது நம் அன்னையார், போட்டுவிட்ட கைச்சங்கிலியைக் காணவில்லை. ஒரு சவரன், எட்டு கிராம் பொன். அன்னையார் தம் திருமணச் சங்கிலியைப் பாதியாக வெட்டிக் கொடுத்துச் செய்வித்தது. பொழுது சாயும்வரை ஈர மணலைக் கைகளால் அரித்தோம். கிளிஞ்சல்கள் அகப்பட்டன.

வீடு திரும்பும் வழியெல்லாம் சிறுமி அழுதுகொண்டே வந்தாள். அன்னையாரோ அவளை ஒரு சொல்லும் கடியவில்லை. "நாற்பது வருஷம் என் கழுத்தில் கிடந்தபோது ஒருநாளும் கழன்றதில்லை. இவள் கையில் ஒரு வருஷம்கூட நிற்கவில்லையே! அது எப்படிக் கழன்றது என்று முதலில் பார்" என்று நம்மிடம் கூறினார். அந்தக் கேள்விக்கு விடை தேடிச் சென்றதில் நாம் கற்றுக்கொண்டவற்றையே இம்மாதம் வாசக அன்பர்களோடு பகிர்ந்துகொள்கிறோம். புதுநன்மைக்கும் உறுதிபூசுதலுக்கும் பிள்ளைகளுக்குக் கைச்சங்கிலி செய்துபோடும் குடும்பங்கள் நம்மிடையே பல உள்ளன அல்லவா?

தொலைந்ததைப் பார்க்க வழியில்லை. ஆயினும் அதே கடையில், அதே அமைப்பில், இளையவளுக்குச் செய்த வேறொரு சங்கிலி பெட்டியில் இருந்தது. அதைப் பூதக்கண்ணாடி கொண்டு பார்த்தோம். எஸ் எழுத்தைப் போல் வளைந்த சாதாரணக் கொக்கி. ஒவ்வொரு நாளும் மாட்டிக் கழற்றியதில் அதன் வாய் ஒரு நகம் நுழையும் அளவுக்கு விரிந்துபோயிருந்தது. இருமுனைகளையும் பற்றி இழுத்தோம், அசையவில்லை. பிறகு இழுப்பதை விட்டுச் சங்கிலியைத் தளர்த்திப் பிடித்து மெல்லக் குலுக்கினோம். மூன்றாம் குலுக்கலில் கொக்கி தானாகவே வளையத்தைவிட்டு வெளியே வந்து விழுந்தது!

அன்னையாரின் கேள்விக்கு விடை அங்கேயே கிடைத்துவிட்டது எனலாம். கழுத்துச் சங்கிலியைப் பதக்கமோ அதன் சொந்த எடையோ எந்நேரமும் கீழ்நோக்கி இழுத்துக்கொண்டே இருக்கும். இழுப்பு இருக்கும்வரை கொக்கி வளையத்தை விடாது. மணிக்கட்டிலோ அப்படியன்று. கையை உயர்த்தினால் சங்கிலி முழங்கையை நோக்கிச் சரிகிறது. தாழ்த்தினால் புறங்கையில் வந்து தங்குகிறது. மேசைமீது வைத்தால் முற்றிலும் தளர்ந்து கிடக்கிறது. அலைநீர் அதைத் தூக்கித் தூக்கிப் போடுகிறது. நகை வாங்கும்போது நாம் எல்லோரும் இழுத்துப் பார்த்துத் திருப்தியடைகிறோம். கைச்சங்கிலிக்கு அந்தச் சோதனை போதாது. தளர்ந்திருக்கும்போதும் பிடிவிடாத பூட்டே மணிக்கட்டுக்கு ஏற்ற பூட்டு.

நம் முன்னோர் இத்தொல்லைக்கே இடம் வைக்கவில்லை. கொற்கையிலும் கீழடியிலும் அகழ்ந்தெடுக்கப்பட்ட சங்கு வளையல்கள், சங்கைக் குறுக்கே அறுத்துச் செய்த முழு வட்டங்கள். விரல்களைக் குவித்துக் கைக்குள் ஏற்றிவிட்டால் தாமாகக் கழலா. மாமல்லபுரத்துக் கற்சிற்பங்களின் மணிக்கட்டுகளிலும் அடுக்கடுக்காக வளைகளைக் காண்கிறோம். பூட்டைத் தேடினால் கண்ணுக்குத் தென்படுவதில்லை. காஞ்சி வரதராசப் பெருமாள் கோயிலின் நூற்றுக்கால் மண்டபத்தில் தொங்கும் கற்சங்கிலியோ இன்னும் வியப்பு; ஒரே கல்லில் குடைந்த கண்ணிகள், ஆதலால் சேர்க்கும் இடமென்று ஒன்று அதற்கு இல்லவே இல்லை. கல்தச்சனுக்கு வாய்த்த இந்த வசதி பொற்கொல்லருக்கு வாய்ப்பதில்லை. மெல்லிய சங்கிலி மணிக்கட்டோடு படிந்து கிடக்க வேண்டுமானால் அதை எங்கேனும் ஓரிடத்தில் திறந்தாக வேண்டும். கடற்கரைக் கடைகளில் விற்கும் சோழி வளையங்களில் எலாஸ்டிக் கயிறு கோத்து இச்சிக்கலைத் தீர்த்திருக்கிறார்கள். உப்பும் வெயிலும் பட்டுக் கயிறு இற்றுப்போகும்வரை அதுவும் நல்ல ஏற்பாடுதான்.

சில மாதங்கள் கழித்து அன்னையார் சங்கிலியின் மற்றப் பாதியை எடுத்து நம் கையில் வைத்தார். "இன்னொன்று செய்யச் சொல். இனி என்னிடம் கொடுப்பதற்கு வேறு சங்கிலி இல்லை" என்றார். அச்சொல் நம்மைச் சுட்டது. இம்முறை கடையில் தொங்குவதை வாங்காமல், செங்கற்பட்டில் நமக்குப் பழக்கமான முதிய ஆசாரி ஒருவரிடம் அன்னையாரையும் அழைத்துக்கொண்டு சென்றோம்.

ஆசாரியார் ஒரு தகர டப்பாவைக் கவிழ்த்துப் பலவகைப் பூட்டுகளை விரித்துக் காட்டினார். நண்டின் கொடுக்கைப் போன்ற வில்கொக்கி இந்நாளில் எங்கும் காணப்படுவது; மாட்டுவது எளிது, தளர்ந்தாலும் வாய் திறவாது. ஆனால் அதனுள் பெரும்பாலும் இருப்பது மயிரிழை போன்ற எஃகுச் சுருள். உப்புநீர் உள்ளே புகுந்து தங்கினால் துருப்பிடித்து ஒருநாள் திறந்தபடியே நின்றுவிடும். நெருப்புக் காட்டினாலும் சுருளின் விறைப்பு போய்விடும் என்பதால் இதை நேரே பற்றவைப்பதில்லை. சிறு வளையம் ஒன்றால் கோத்துவிடுகிறார்கள். அவ்வளையத்தின் வாயைப் பொடிவைத்து ஊதி மூடாமல் வெறுமனே அமுக்கி விட்டிருந்தால், கொக்கி எவ்வளவு நல்லதாயினும் நகை அந்த இடத்தில் அறுந்துபோகும். இளையவளின் சங்கிலியிலும் இப்படி மூடப்படாத வளையம் ஒன்று இருந்ததைப் பின்னர்க் கண்டோம். வளையத்துக்குள் குறுக்குக் கோலை நுழைக்கும் பூட்டு பார்வைக்கு அழகு. கோல் வளையத்தின் உள்விட்டத்தைவிட நன்கு நீண்டிருந்து, சங்கிலியும் கையோடு ஒட்டியிருந்தால்தான் அது நிற்கும். வளரும் பிள்ளைக்கு ஒட்டினாற்போல் அளவெடுப்பது எங்ஙனம்?

திருகாணியைப் பற்றியும் கேட்டோம். இரண்டு பாதிகளாகச் செய்த காப்பின் ஒருபுறம் கீல் வைத்து, மறுபுறம் கடையாணியைத் திருகி மூடுவது நம் நாட்டுப் பழைய முறை. 1969-ல் நியூயார்க்கில் கார்ட்டியே நிறுவனத்துக்காக ஆல்டோ சிப்புல்லோ என்பவர் வடிவமைத்த புகழ்பெற்ற காப்பும் திருகால் மூடுவதே. அதைத் திறக்க ஒரு சிறிய திருப்புளியும் உடன் தருகிறார்கள். அணிபவர் தாமே போட்டுக்கொள்வது கடினம், அன்புக்குரிய இன்னொருவர் பூட்டிவிட வேண்டும் என்பதே அதன் கருத்தாம். நம் பாட்டிமார் இதைக் கேட்டால் நகைப்பார்கள். காப்புக்குக் கடையாணி திருக அவர்கள் எந்நாளும் பிறர் கையைத்தானே எதிர்பார்த்திருந்தார்கள்! பள்ளிக்குச் செல்லும் பெண்ணுக்கு இது ஒத்துவராது. அன்றியும், பொன்னில் வெட்டிய மறை தேயத் தேய ஆணி தானே சுழன்று கழலக்கூடும்.

முடிவில் நாம் தேர்ந்துகொண்டது பெட்டிப்பூட்டு. ஒருமுனையில் உள்ளே வெற்றிடமுள்ள சிறு கூடு. மறுமுனையில் இரண்டாக மடித்த தகட்டு நாக்கு. நாக்கைக் கூட்டின் வாயில் அழுத்திச் செலுத்தும்போது மடிப்பு ஒடுங்குகிறது. உள்ளே சென்றதும் விரிந்து வாயின் விளிம்பில் முட்டி நின்றுகொள்கிறது. 'டிக்' என்று ஓசை கேட்டால் பூட்டிவிட்டது என்று பொருள். மேலே நீட்டியிருக்கும் குமிழைக் கட்டைவிரலால் அமுக்கினாலன்றி வெளிவராது. இழுத்தாலும் சரி, தளர்த்தினாலும் சரி, பிடி ஒன்றுதான்.

இங்கே ஆசாரியார் சொன்ன ஒரு செய்தியை நகை செய்யக் கொடுப்போர் அனைவரும் அறிந்திருத்தல் நலம். ஆயிரத்தில் 916 பங்கு பொன்னுள்ள இருபத்திரண்டு காரட் மென்மையானது. வளைத்தால் வளைந்தபடியே நிற்கும், துள்ளி எழாது. நாக்குக்கு வேண்டியதோ துள்ளும் குணம். ஆகையால் நாக்கை மாத்திரம் 750 பங்கு பொன்னுள்ள பதினெட்டுக் காரட்டில் செய்வோம் என்றார். அன்னையார் உடனே, "என் பொன்னைக் குறைக்கிறீர்களா?" என்று கேட்டுவிட்டார். "இல்லைம்மா, நாக்கை எடைபோட்டுத் தனியாகச் சீட்டில் எழுதித் தருகிறேன். மட்டம் உசந்தால் பிடிப்பு தாழும், எது வேணும்னு நீங்களே சொல்லுங்க" என்றார் ஆசாரியார். அன்னையார் சற்று யோசித்துவிட்டுப் பிடிப்பையே கேட்டார். பற்றவைக்கும் வேலை யாவும் முடிந்தபின்னரே நாக்கைச் சுத்தியலால் தட்டி விறைப்பேற்ற வேண்டுமாம். தட்டியபின் நெருப்பில் வைத்தால் விறைப்பு போய்விடும். 2021 ஜூன் முதல் படிப்படியாகக் கட்டாயமாக்கப்பட்ட ஹால்மார்க் முத்திரை பொன்னின் மாற்றுக்குத்தான் சான்று. பூட்டின் வலிமைக்கு எந்த முத்திரையும் இல்லை என்பதை அன்று உணர்ந்தோம்.

நாக்கும் ஒருநாள் தளரக்கூடுமே என்று நாம் ஐயுற்றபோது, கூட்டின் பக்கத்தில் எட்டு எழுத்தின் வடிவில் ஒரு கம்பியைக் கீல்போல் பொருத்தி, அது மறுமுனையில் உள்ள சிறு குண்டின்மேல் மடிந்து 'சட்'டென்று மாட்டிக்கொள்ளுமாறு செய்யலாம் என்றார். ஒன்று தவறினும் மற்றொன்று காக்கும்.

அழகைப் பற்றிய பேச்சு இதற்குப் பின்னர்தான் எழுந்தது. பூட்டு என்றாலே கையின் அடிப்புறம் மறைத்துவைக்க வேண்டியது என்பது பலருடைய எண்ணம். நம் தமக்கை மகளுக்கோ அதை மேற்புறமே தெரிய அணிய ஆசை. பூட்டைக் கண்ணெதிரே வைத்திருப்பவள் அது திறந்திருந்தால் உடனே காண்பாள் என்று ஆசாரியாரும் ஒத்துக்கொண்டார். என்ன உருவம் என்பதில் சற்று விவாதம். சங்கு என்றோம் நாம். செங்கற்பட்டுக்குப் பெயர் தந்ததாகச் சொல்லப்படும் செங்கழுநீர் மலர் என்றாள் அவள். அவள் எண்ணமே வென்றது. கூட்டின் மேல்தகடு விரிந்த மலர். அமுக்கும் குமிழ் ஓரத்தில் எழும் மொட்டு. கம்பி மாட்டும் குண்டு இன்னொரு மொட்டு. ஒட்டவைத்த அலங்காரம் ஒன்றுமில்லை. கண்ணுக்குத் தெரியும் ஒவ்வோர் உறுப்புக்கும் ஒரு வேலை இருந்தது. நாம் வரைந்த இதழ்களின் கூர்முனைகளை மட்டும் ஆசாரியார் அடித்துவிட்டு மழுங்கலாக வரைந்தார். கூர்முனை தாவணியிலும் தலைமுடியிலும் சிக்குமாம். கூடு தட்டையாக இருந்தால் மணிக்கட்டின் வளைவில் படியாமல் எழுந்து நிற்கும் என்று அதன் அடியைச் சிறிதே வளைத்தார்.

நூலால் அளந்தபோது மணிக்கட்டின் சுற்றளவு பதினான்கரை சென்டிமீட்டர். அசைவுக்கு இரண்டு சேர்த்துப் பதினாறரை என்று முடிவாயிற்று. பூட்டின் நீளமும் இதற்குள் அடக்கம். இதை மறந்து சங்கிலியை மட்டும் அளப்பதால்தான் பல கைச்சங்கிலிகள் தொளதொளத்துப் போகின்றன. பூட்டுக்கே இரண்டரை கிராம் சென்றுவிட்டமையால் சங்கிலி முன்னதைவிட மெலிந்தது. அதில் ஒரு கண்ணியை வேண்டுமென்றே மற்றவற்றைவிட நலிவாகச் செய்தார் ஆசாரியார். பேருந்தின் கைப்பிடியிலோ இயந்திரத்திலோ நகை சிக்கினால் அறுபட வேண்டியது அதுவேயன்றிப் பிள்ளையின் கை அன்று என்றார். அன்னையாருக்கு அது மனத்துக்கு ஒவ்வவில்லை; எனினும் மறுத்துப் பேசவில்லை.

இடது கையில் கிடப்பதை வலது கையால் மட்டுமே பூட்டவும் திறக்கவும் அவளுக்கு ஒருவார காலப் பழக்கம் வேண்டியிருந்தது. மேசை விளிம்பில் மணிக்கட்டை வைத்துக்கொண்டு, நாக்கைச் செலுத்தி, ஓசை கேட்டு, கம்பியை மடித்துவிட்டுப் பின் கையைத் தொங்கவிட்டுக் குலுக்கிப் பார்ப்பாள். ஆண்டுக்கொருமுறை ஆசாரியாரிடம் கொண்டுசென்று நாக்கைச் சற்றே நிமிர்த்தி வாங்கி வருகிறோம். அடிக்கடி நிமிர்த்தினால் மடிப்பில் முறிந்துவிடும் என்று அவரே எச்சரித்திருக்கிறார்.

அடுத்த பாஸ்காத் திங்களன்று மீண்டும் மாமல்லபுரம் சென்றோம். இவ்வாண்டு அன்னையாரும் உடன் வந்தார். சிறுமி தண்ணீரை நோக்கி ஓடுமுன் அவர் அவளை நிறுத்தி, "எவ்வளவு நல்ல பூட்டாயிருந்தாலும் இப்படிக் கொடு" என்று கையை நீட்டினார். மெலிந்துவிட்ட அவருடைய மணிக்கட்டுக்கு அச்சங்கிலி சரியாகவே பொருந்தியது. மாலையில் திருப்பித் தரும் வேளையில்தான் தொல்லை. மொட்டை எங்கே அமுக்குவது என்று அன்னையாருக்குத் தெரியவில்லை. பேத்தி வந்துதான் திறந்துவிட்டாள்.