டெலவேர் கறிக்கோழி: லாபம் ஒரு பக்கம், எரு யார் தலையில்?

அமெரிக்காவின் கிழக்குக் கடற்கரையில் உள்ள டெலவேர், அந்நாட்டின் இரண்டாவது சிறிய மாநிலம். மொத்தம் மூன்றே மாவட்டங்கள். பரப்பு சுமார் 6,400 சதுர கி.மீ. இந்தச் சிறிய மாநிலத்தின் விவசாய வருமானத்தில் பாதிக்கு மேல் கறிக்கோழியில் இருந்து வருகிறது. கோழிப்பண்ணை வைத்திருப்பவர்களும், வைக்க நினைப்பவர்களும் இதன் கதையைத் தெரிந்துகொள்வது நல்லது.

1923-ல் ஓஷன் வியூ என்ற கடலோர ஊரில் சிசிலி ஸ்டீல் என்ற பெண், முட்டைக்காக 50 குஞ்சுகள் கேட்டார். தவறுதலாக 500 வந்தன. திருப்பி அனுப்பாமல் வளர்த்து, பிழைத்தவற்றை இறைச்சிக்காகப் பவுண்டு 62 சென்ட் விலையில் விற்றார். 1926-ல் 10,000 கோழிகளுக்குக் கொட்டகை போட்டார். பார்த்தவர்கள் எல்லாம் இறங்கினர்.

தொழில் வளர மண்ணும் இடமும் கைகொடுத்தன. சமதளமான, மணற்பாங்கான நிலம். ஆண்டு முழுவதும் பரவலாகப் பெய்யும் சுமார் 1,100 மி.மீ. மழை, பக்கத்திலேயே பிலடெல்பியா, நியூயார்க் சந்தைகள். வயல்களில் விளையும் மக்காச்சோளமும் சோயாவும் கோழித் தீவனத்துக்கே பெரும்பாலும் போகின்றன.

இப்போது அங்கும் ஒப்பந்த முறைதான். குஞ்சும் தீவனமும் நிறுவனத்துடையவை. கொட்டகை, மின்கட்டணம், உழைப்பு விவசாயியுடையவை. எருவை அப்புறப்படுத்துவதும் விவசாயி பொறுப்பு.

சிக்கல் அங்கேதான் தொடங்கியது. பல ஆண்டுகளாக அதே வயல்களில் எரு கொட்டியதால் மணிச்சத்து மண்ணில் தேங்கியது. தழைச்சத்து மணல் வழியாக எளிதில் இறங்கி, நிலத்தடி நீரில் நைட்ரேட்டாகக் கலந்தது. 1997-ல் பக்கத்து மேரிலாண்டின் ஆறுகளில் மீன்கள் செத்து மிதந்தபோது, எல்லோர் கவனமும் எருவின் மீது திரும்பியது. 1999-ல் டெலவேர் சட்டம் இயற்றியது. 10 ஏக்கருக்கு மேல் உரமிடுபவர்களும், குறிப்பிட்ட அளவுக்கு மேல் கால்நடை, கோழி வளர்ப்பவர்களும் சத்து மேலாண்மைத் திட்டம் வைத்திருக்க வேண்டும். உபரி எருவைத் தேவைப்படும் இடங்களுக்கு ஏற்றிச் செல்ல அரசு உதவித்தொகையும் தருகிறது.

இன்னொரு ஆபத்து வானில் வருகிறது. குளிர்காலத்தில் வாத்துகளும் பனிக்கூஸ்களும் கூட்டமாக இறங்கும் வலசைப் பாதையில் இம்மாநிலம் இருக்கிறது. 2025 ஜனவரியில் கென்ட் மாவட்டப் பண்ணை ஒன்றில் பறவைக்காய்ச்சல் உறுதியாகி, கோழிகள் அழிக்கப்பட்டன. ஒரே தொழிலை நம்பிய ஊரில் இந்த நோய் வந்தால், கோழி வளர்ப்பவரோடு மக்காச்சோளம் விற்பவரும் கவலைப்பட வேண்டியிருக்கிறது.

பல்லடம், உடுமலை வட்டாரங்களிலும் இதே ஒப்பந்த முறை இருப்பதால், கையெழுத்துப் போடும் முன் வளர்ப்புக் கூலியோடு இந்த மூன்றையும் கேளுங்கள்: எருவை யார் எடுப்பது? நோய் வந்தால் நஷ்டம் யாருக்கு? கொட்டகை காலியாகக் கிடக்கும் நாட்களுக்கு என்ன வழி? எருவைச் சொந்த வயலில் இடுவதாக இருந்தால், முதலில் மண் பரிசோதனை செய்து மணிச்சத்து அளவைப் பாருங்கள். ஏற்கெனவே அதிகமாக இருந்தால், எருவைத் தேவைப்படும் விவசாயிக்கு விற்பதே மேல். கிணற்றுத் தண்ணீர் கெட்ட பிறகு அதைத் திருத்துவது எளிதல்ல.