பூட்டிய வீடெல்லாம் கைவிட்ட வீடா?

லயத்தில் இருந்தவரை நம்மவருக்கு வாடகைப் பாக்கி என்றொரு கவலை இருந்ததில்லை. வேலை போனால் வீடும் போகும். அந்தக் கவலை ஒன்றே போதுமானதாயிருந்தது. தோட்டங்கள் துண்டாடப்பட்டும், வீடமைப்புக்கு விற்கப்பட்டும் போன பின்னர், பால்வெட்டிய குடும்பங்கள் பல பட்டணத்து அடுக்குமாடிகளில் வாடகைக்குக் குடியேறிவிட்டன. ஆகவே வாடகைச் சட்டம் நம் வாசற்படிக்கே வந்துவிட்டது.

மலேசியாவில் பாக்கி வசூலுக்கென்று இருப்பது 1951ஆம் ஆண்டு ஜப்திச் சட்டம். குடியிருப்பவரைக் கூப்பிட்டு விசாரிக்காமலேயே, முந்திய 12 மாதங்கள் வரையிலான பாக்கிக்கு வீட்டுக்காரர் கோர்ட்டில் வாரண்டு கோரலாம். வீட்டிலுள்ள சாமான்கள் ஏலத்துக்குப் போகும். அவசியமான உடுதுணியையும் படுக்கையையும் தொடக்கூடாதென்று விலக்கு உண்டு. நம்மில் எத்தனை பேருக்கு அது தெரியும்? இந்த முறையை நமக்குக் கொடுத்த இங்கிலாந்தே, வீட்டு வாடகைக்கு ஜப்தி செய்வதை 2014 ஏப்ரலில் ஒழித்துவிட்டது. நாம்தான் போய்விட்ட துரையின் தொப்பியை இன்னும் கழற்றாமல் நிற்கிறோம்!

பாக்கியிலும் பெரிய வில்லங்கம் பூட்டிக் கிடக்கும் வீடு. மகன் சிங்கப்பூரில் வேலைக்குப் போயிருப்பான். தாய் ஆஸ்பத்திரியில் கிடப்பாள். இரண்டு மாதம் விளக்கெரியாவிட்டால் "ஓடிவிட்டார்கள்" என்று பூட்டை உடைத்துவிடுகிறார்கள். குத்தகை முடிந்த பிறகும் குடியிருப்பவரைக் கோர்ட்டு மூலமே வெளியேற்ற வேண்டும் என்கிறது 1950ஆம் ஆண்டு தனிப்பட்ட நிவாரணச் சட்டத்தின் 7ஆம் பிரிவு. ஆனால், ஆள் இல்லாத வீடு எத்தனை நாளில் கைவிட்ட வீடாகும் என்று அப்பிரிவு சொல்லவில்லை.

வீட்டுக்காரரெல்லாம் பணமுதலைகள் என்று நாம் கூறவில்லை. சேமநிதிப் பணத்தில் ஒரே ஒரு வீடு வாங்கி வாடகைக்கு விட்ட ஓய்வுபெற்ற கிராணிகளும் அவர்களில் உண்டு. சாவியோடு மறைந்தவனால் அவர்கள் படும்பாடும் கொஞ்சமல்ல. தெளிவான விதி அவர்களுக்கும் வேண்டும்.

குடியிருப்பு வாடகைக்குத் தனிச்சட்டம் பற்றி அரசாங்கம் ஆண்டுக்கணக்கில் பேசியிருக்கிறது. அதில் நாம் கேட்பது இதுதான்: கதவில் நோட்டீஸ் ஒட்ட வேண்டும், ஒப்பந்தத்தில் குறித்த உறவினருக்குக் கடிதம் போக வேண்டும், காத்திருக்கும் நாள் இத்தனை என்று எழுதப்பட வேண்டும், சாட்சிகள் முன் சாமான்களைக் கணக்கெடுத்துப் பத்திரப்படுத்த வேண்டும். அதுவரையில் தோழர்கள் ரசீதின்றி வாடகை கொடுக்க வேண்டாம். வெளியூர் போகுமுன் வீட்டுக்காரருக்கு நாலு வரி எழுதிக் கொடுத்து, கையெழுத்திட்ட நகலொன்றை வைத்துக்கொள்க.