கதவை அடைத்தவர் கேட்ட கேள்வி

கல்வராயன் மலையடியில், வடக்கனந்தலில் உழுதுண்டு வாழும் உங்களுக்குக் கடற்படைத் தளபதியின் கதை எதற்கு என்பீர்கள். கோமுகி ஆற்று நீரும் முடிவில் கடலைத்தானே சேர்கிறது! கேளுங்கள், அன்பர்களே.

1911இல் செங்கற்பட்டில் பிறந்தவர் ராம்தாஸ் கட்டாரி. பம்பாயில் 1927இல் தொடங்கிய 'டப்ரின்' பயிற்சிக் கப்பலின் முதல் அணி மாணவர். தேர்ந்து வந்தவருக்குப் போர்க்கப்பலில் இடம் கிடைத்ததா? இல்லை. ஊக்ளி ஆற்றை அளக்கும் வேலைதான் கிடைத்தது. 1939இல் போர் மூண்டது, ஆள் தேவைப்பட்டது, கடற்படையின் கதவு அப்போதுதான் அவருக்குத் திறந்தது.

விடுதலைக்குப் பின் தரைப்படைக்கு 1949இல் கரியப்பா வந்தார். விமானப்படைக்கு 1954இல் முகர்ஜி வந்தார். கடற்படைக்கோ, 1947க்குப் பிறகும் ஆங்கிலேயர் நால்வர், ஒருவர் பின் ஒருவராக! நம்மவருக்கு அனுபவம் போதாதாம். போர்க்கப்பல் நடத்துவது ஓரிரு ஆண்டில் கைவரும் கலையன்று, மறுப்பதற்கில்லை. ஆனால் கதவை அடைத்து வைத்தவரே, உள்ளே இருந்த பழக்கம் உண்டா என்று கேட்பது எந்த ஊர் நியாயம்?

1956இல் கட்டாரி கப்பல் அணியின் தலைவரானார். அப்பதவி ஏற்ற முதல் இந்தியர் அவர். 1958 ஏப்ரல் 22இல் கடற்படை முழுவதும் அவர் பொறுப்பில் வந்தது. விமானந்தாங்கிக் கப்பலான 'விக்ராந்த்' 1961இல் படையில் சேர்ந்ததும் அவர் காலத்தில்தான். 1962இல் அவர் ஓய்வு பெற்றார். அந்த நாற்காலிக்கு ஆங்கிலேயரைத் தேடும் வேலை பிறகு எவருக்கும் வரவில்லை.